ஹரிஹரய்யர் வீட்டுக் கிளாக்ஸினியா

தோட்ட இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் இருவர் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். வீட்டுக்குள் பூச்செடி வளர்ப்பது பற்றி இலாகா ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறதாம். முப்பது வருஷத்துக்கு மேல் தொட்டிச் செடிகளோடு இருந்தவன் என்பதால் நானும் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "மலர்களோடு கழிந்த இனிய நாட்கள்னு தலைப்பு வச்சுக்கலாம் அண்ணாச்சி" என்றான் ஒருவன்.

இனிய நாட்கள்! அவர்கள் கையில் இருந்த அச்சுத் தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே, 'தேவையான அளவு தண்ணீர் ஊற்றவும்' என்று போட்டிருந்தது. எனக்கு அப்போதே எரிச்சல் மூண்டுவிட்டது. தேவையான அளவு என்றால் எவ்வளவு? செடிக்குத் தேவையான அளவா, ஊற்றுகிறவருக்குத் தேவையான அளவா? கேட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்தேன். அவர்கள் புத்தகத்தில் இதைப் போடுவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது.

நான் தோவாளைக்காரன். எங்கள் ஊரில் பூ என்றால் பிச்சி, அரளி, செவ்வந்தி. விடியும் முன் பறித்து வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட வேண்டிய சரக்கு. தொட்டியில் வைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய், சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கென்று ஒரு பூ உண்டு என்பதே திருவனந்தபுரம் வந்த பிறகுதான் தெரிந்தது. முதல் யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பு அரசாங்கத் தோட்டத்தில் சேர்ந்தேன். மூன்று வருஷம் தொட்டி கழுவினேன், இலைமக்கு சலித்தேன், தொட்டிக்கு அடியில் போட பழைய ஓடுகளைச் சில்லு சில்லாக உடைத்தேன். அந்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

தொட்டிப் பிரிவுக்கு மேலதிகாரி ஹரிஹரய்யர். ஸ்ரீவராகத்தில் வீடு. கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, பஞ்சகச்சம், இடது கையில் குடை. கூரைக்கு அடியில் நடக்கும்போதும் அந்தக் குடை அவர் கையை விட்டு இறங்கியதில்லை. காலை ஏழரை மணிக்குத் தொட்டிகள் அடுக்கிய கொட்டகையின் கிழக்கு மூலையில் ஆரம்பிப்பார். வலது கை நடுவிரலை மடக்கி, முட்டியால் ஒவ்வொரு தொட்டியையும் ஒரு தட்டு. காய்ந்த தொட்டி 'டங்' என்று சொல்லும். ஈரத் தொட்டி 'தொப்' என்று சொல்லும். இலையை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

"இலையைப் பாத்துண்டு நிக்காதே சுப்பையா. காஞ்சாலும் வாடும், அழுகினாலும் வாடும். தட்டிக் கேளு. மனசிலாச்சா?"

கோட்டின் பையில் ஒரு சாக்குக் கட்டி வைத்திருப்பார். பிழைக்காது என்று தோன்றிய தொட்டியில் ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்த தொட்டியை அன்று மாலைக்குள் கொட்டிவிட வேண்டும். அதற்கு மேல் பேச்சில்லை.

நான் இராப்பகலாகப் பார்த்து வளர்த்த பெகோனியா முப்பது தொட்டி ஒரு தடவை அப்படிப் போயிற்று. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். முப்பதிலும் குறி போட்டுக்கொண்டே நடந்தார்.

"சாமி, பாதியாவது பொழச்சுக்கிடும்" என்றேன்.

"பொழைக்கும். மத்தப் பாதி பக்கத்துல இருக்கற நூறைக் கொல்லும். கொட்டு."

அவர் சொன்னது சரி என்று அடுத்த மழைக்காலத்தில் எனக்கே தெரிந்தது. அது என் எரிச்சலைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. எது நன்றாக வந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் பாராட்டு ஒரே வார்த்தைதான்: "போறும்." அந்த 'போறும்' என்ற சொல்லை வாங்க நான் பத்து வருஷம் பாடுபட்டிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

யுத்தம் முடிந்து சில வருஷம் கழிந்து, ஒரு மாசி மாதத்தில், அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் காலமானார். பதிமூன்று நாள் வரவில்லை. பதினாலாம் நாள் ஏழரைக்கு வந்து கிழக்கு மூலையில் ஆரம்பித்தார். துக்கம் கேட்கப் போனவர்களிடம், "மேற்கு வரிசைல தண்ணி விட்டாச்சா?" என்றார். நாங்களும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார். துண்டில் சுற்றிய ஒரு தொட்டியை மேஜை மேல் வைத்தார். கிளாக்ஸினியா. வெல்வெட்டுத் துணி போல இலை, மணி போலப் பூ, மண்ணுக்கடியில் கிழங்கு. எங்கள் தோட்டத்தில் சிவப்பும் ஊதாவும் உண்டு. இது அடர்ந்த ஊதா, ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பால் கோடு இழுத்த மாதிரி வெள்ளை. பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்த மீனாட்சி அம்மாளின் தம்பி, அங்கே துரையம்மாளிடம் ஒரு கிழங்கு கேட்டு வாங்கி அக்காளுக்குக் கொண்டுவந்து கொடுத்ததாம். அந்தத் துரையம்மாள் சீமைக்கே திரும்பிப் போய்விட்டாள். இந்த நிறம் வேறு எங்கும் கிடையாது.

இலைகள் மஞ்சளடித்து விளிம்போடு சரிந்திருந்தன. மொட்டுகள் தவிட்டு நிறமாகிவிட்டன. நான் தொட்டியைத் தட்டினேன். 'தொப்'.

"தண்ணி கூடுதல் சாமி."

"நான் தண்ணி விடறதில்லை."

"தொட்டி சொல்லுதே சாமி."

"சுப்பையா, நோக்கு நான் சொல்லிக் குடுத்ததை எனக்கே திருப்பிச் சொல்றியா? நான் தண்ணி விடறதில்லைன்னா விடறதில்லை."

மண்ணைத் தட்டி எடுத்துவிட்டு, காய்ந்த மணலும் கரித்தூளும் கலந்து, ஓட்டுச் சில்லு இரண்டு பங்கு போட்டு மாற்றி வைத்தேன். பத்து நாள் ஒரு சொட்டுக்கூட விட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பதினோராம் நாள் துண்டு சுற்றிய தொட்டி மறுபடியும் மேஜைக்கு வந்தது. 'தொப்'. மணல் குழைந்து சேறாகக் கிடந்தது.

"தண்ணி விட்டியளா சாமி?"

"இல்லை."

"மழைச் சாரல் படுதா?"

"இல்லை. உள்ளறை."

"அப்பம் இங்கேயே இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

"அது ஆத்துலதான் இருக்கணும்" என்றார். தொட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாவது தடவையும் தொட்டி வந்தது. இரண்டே இலை பாக்கி. தண்டு கழுத்தில் கறுத்துவிட்டது. நான் தட்டவில்லை, தூக்கினேன். அடித்துளையிலிருந்து தண்ணீர் என் முழங்கை வழியாக வழிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒரு சொட்டு விடலை சுப்பையா" என்றார்.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. பதினாலு வருஷத்து ஆத்திரம் என்றுதான் நினைக்கிறேன்.

"சாமி, நீங்க பொய் சொல்லுதிய."

கொட்டகையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். ஹரிஹரய்யர் தொட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். என் வேலை போயிற்று என்று நான் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு என் முன்னால் வந்து நின்றார். "ஆத்துக்கு வா. செடி இருக்கற எடத்தை நீயே பாரு."

பத்மநாபசாமி கோயிலைச் சுற்றிக்கொண்டு ஸ்ரீவராகத்துக்கு நடந்தோம். அவர் முன்னால், நான் பத்தடி பின்னால். அந்தத் தெருக்களில் எங்களைப் போன்றவர்கள் பின்பக்கச் சந்து வழியாகப் போவதுதான் வழக்கம். அவர் என்னை முன்வாசலுக்கே கூட்டிக்கொண்டு போனார். நிலைப்படியில் அவருடைய விதவை அக்காள் நின்றிருந்தாள்.

"ஹரி, இவனை எங்க அழைச்சுண்டு வர்றே?"

"செடியைப் பாக்கணும்."

"செடியை வெளியில கொண்டு வந்து காட்டேன்."

"மூணு தடவை கொண்டுபோய்க் காட்டியாச்சு. எடத்தைப் பாக்கணும். எடத்தைத் தூக்கிண்டு வர முடியுமோ?"

அக்காள் நகரவில்லை. அவரும் நகரவில்லை. நான் தெருவில் வெயிலில் நின்றுகொண்டு, ஒரு தொட்டிச் செடிக்காக இவ்வளவு கேவலமா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் திரும்பி, "சுப்பையா, கால் அலம்பிண்டு வா" என்றார். அக்காள் சுவரோடு ஒதுங்கிக்கொண்டாள்.

உள்ளறையில் கிழக்கு ஜன்னல். வெளிச்சம் அருமையான வெளிச்சம், நேர் வெயில் இல்லை, காற்றும் உண்டு. மீனாட்சி அம்மாள் இடம் பார்த்து வைத்திருந்த அழகை நான் மெச்ச வேண்டும். ஆனால் தொட்டியை ஜன்னல் பலகையில் நேராக வைக்கவில்லை. பளபளவென்று துலக்கிய ஒரு பித்தளைப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்திருந்தார்கள். தொட்டியைத் தூக்கினேன். பாத்திரத்தில் நாலு விரல் தண்ணீர்.

"இது யாரு விட்டது?"

நிலைப்படியிலிருந்து அக்காள் சொன்னாள்: "காலம்பர ஸ்நானம் பண்ணிட்டு வந்து நான் ஒரு கை விடுவேன். மீனா இருந்தா விடுவாளோன்னோ. ஒரு கைதான்."

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஹரிஹரய்யரின் மகள் கமலம் எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி இன்னும் புருஷன் வீட்டுக்குப் போகாத பெண். "நான் சாயங்காலம் விளக்கேத்தின உடனே ஒரு டம்ளர் விடறேன். அத்தை விடறது நேக்குத் தெரியாது."

நான் ஹரிஹரய்யரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஆபீஸ்லேர்ந்து வந்து கால் அலம்பற தண்ணி செம்புல கொஞ்சம் மிஞ்சும்" என்றார். "அதை விடுவேன். அது ஒரு தண்ணியா? அது கணக்குல சேத்தி இல்லை."

மூன்று பேர்! ஒரு சாண் தொட்டிக்கு மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், நான்கு மாதம்! ஊருக்கெல்லாம் தொட்டியைத் தட்டிக் காட்டியவர் வீட்டில்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதே சமயம் அந்த மூன்று முகங்களையும் பார்த்தேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். "அந்தப் பித்தளையைச் சமையலுக்கு எடுத்துக்கிடுங்க" என்று மட்டும் கமலத்திடம் சொன்னேன்.

கிழங்கை அங்கேயே எடுத்துப் பார்த்தேன். கால்வாசிதான் கெட்டியாக இருந்தது, மற்றதெல்லாம் கொழகொழவென்று நாற்றம். பேனாக்கத்தியை நெருப்பில் காட்டி, வெள்ளைச் சதை தெரியும் வரை சீவினேன். ஒரு நெல்லிக்காய் அளவு மிஞ்சியது. அடுப்புச் சாம்பலில் புரட்டினேன். மிச்சமிருந்த இரண்டு இலைகளையும் காம்போடு அறுத்தேன். "இதெல்லாம் என்கூடத் தோட்டத்துக்கு வருது சாமி" என்றேன். அவர் மறுக்கவில்லை.

கிழங்குத் துண்டு ஒரு வாரத்தில் அழுகிப் போயிற்று. இலைகள்தான் கதி. கரமனை ஆற்று மணலை ஏழு தண்ணீரில் கழுவி, வெந்நீர் ஊற்றி, ஆற வைத்து, இரண்டு சின்னத் தொட்டியில் நிரப்பினேன். காம்பு ஒரு விரல்கடை மணலுக்குள், இலை சாய்ந்தாற்போல. ஊறுகாய் போடும் கண்ணாடிப் பரணி இரண்டைக் கவிழ்த்து மூடினேன். உள்ளே வியர்த்தால் துடைக்க வேண்டும், வியர்க்காவிட்டால் ஓரத்தில் அரைக் கரண்டி தண்ணீர். அவ்வளவுதான் வேலை. மிச்சமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது.

அந்தக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் மனுஷனுக்கு ஆகாத காரியம். மூன்றாம் வாரம் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஹரிஹரய்யர் பரணியைத் தூக்கி வைத்துவிட்டு, இலையை மணலிலிருந்து உருவிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். காம்பு நுனியில் நூல் போல நாலு வேர், அதில் இரண்டு முறிந்து தொங்கியது.

"வேர் விட்டிருக்கான்னு பாத்தேன்" என்றார்.

இருபத்தைந்து வருஷ சர்வீஸ்! பதியன் போட்டதை எவனாவது தொட்டுப் பார்த்தால் கொட்டகையை விட்டு வெளியே நிறுத்துகிற மனுஷன்! என் கையை நீட்டினேன். கொடுத்தார். மறுபடி நட்டேன். பத்து நாளில் அது கறுத்துப் போயிற்று.

இன்னொரு இலை நின்றது. அன்று முதல் அந்தத் தொட்டியைப் பெரணிச் செடிகளுக்குப் பின்னால், அவர் குனிந்தால் ஒழியத் தெரியாத இடத்தில் வைத்தேன். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. இலை விறைப்பாக இருந்தது, ஆனால் முளை ஒன்றும் வரவில்லை. ஐப்பசி மழையில் அந்த இலையும் மஞ்சளாகி, சுருண்டு, காகிதம் போலக் காய்ந்து மணல் மேல் படுத்துவிட்டது.

ஒரு காலை அவர் குனிந்தார். முட்டியால் தட்டினார். காய்ந்த இலையைப் பார்த்தார்.

"அது உங்க வீட்டுச் செடி சாமி" என்றேன், தெரியாமலிருக்குமோ என்று.

"தெரியும்" என்றார். பையிலிருந்து சாக்குக் கட்டியை எடுத்து, மற்றத் தொட்டிகளுக்குப் போடுவது போலவே, அளவெடுத்த மாதிரி ஒரு பெருக்கல் குறி போட்டார். "கொட்டு." அடுத்த தொட்டிக்குப் போனார்.

அவர் வரிசையின் கடைசிக்குப் போகும் வரை நின்றேன். பிறகு கட்டைவிரலை எச்சில் பண்ணி அந்தக் குறியை அழித்தேன். பிழைக்கும் என்று நம்பி அழித்தேன் என்று சொன்னால் அது பொய். இத்தனை தொல்லை கொடுத்த ஒரு செடியை அவர் ஒரு கோடு போட்டு முடித்துவிடுவதா என்ற வீம்புதான். காம்பு இருந்த இடத்தில் விரலால் மணலைக் கொஞ்சம் விலக்கினேன். அடியில் பட்டாணி அளவு ஒரு உருண்டை, மேலெல்லாம் பூனைமயிர். இலை தன்னிடம் இருந்ததையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுத்தான் காய்ந்திருக்கிறது. மணலை மூடினேன். சுத்தமாகத் தண்ணீரை நிறுத்தி, கோணிப்பை அடுக்கியிருந்த அலமாரியில் தூக்கி வைத்தேன்.

மறுநாள் வந்தவர் அந்த இடத்தைப் பார்த்தார். தொட்டி இல்லை. குப்பைக் குழியில் தேடினாரோ என்னவோ, அன்று சாயங்காலம் அவருடைய வேட்டிக் கரையில் இலைமக்கு ஒட்டியிருந்தது. அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லி, மறுபடியும் அவர் தினம் வந்து தோண்டிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது.

மாசிக் கடைசியில் முளை வந்தது. மீனாட்சி அம்மாளின் வருஷாப்திகம் முடிந்த மறுவாரம். இரண்டு இலை, நாலு இலை, ஆறு இலை. ஆடியில் மொட்டு விரிந்தது, ஊதாவும் வெள்ளைக் கோடும் சேதமில்லாமல். அன்று ஏழரை மணிக்கு அந்தத் தொட்டியைக் கிழக்கு மூலையில் முதல் தொட்டியாக வைத்துவிட்டு நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். வந்தார். முட்டியை மடக்கினார். தட்டவில்லை. குடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகு நேரம் நின்றார். 'போறும்' என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அதுகூடச் சொல்லவில்லை.

அதை நான் வீட்டுக்குக் கொடுக்கவில்லை. கேட்டார், முடியாது என்றேன். அதன் இலைகளை அறுத்து மணலில் வைத்து, ஒன்றைப் பன்னிரண்டாக்கினேன். அடுத்த வருஷம் அதில் மூன்றை எடுத்துக்கொண்டு ஸ்ரீவராகத்துக்குப் போனேன். மூன்று தொட்டியிலும் சுண்ணாம்பால் பெயர் எழுதியிருந்தேன்.

"இது பெரியம்மாவுக்கு. இது பாப்பாவுக்கு. இது சாமிக்கு. அவங்கவங்க தொட்டிக்கு அவங்கவங்க தண்ணி. அடுத்தவங்க தொட்டியத் தொடப்படாது. சம்மதமா?"

மூன்று பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போலத் தலையாட்டினார்கள். அக்காளின் தொட்டி ஒரு மாதத்தில் போயிற்று. கமலத்தின் தொட்டி நன்றாக வந்தது. அவள் அதைத் திருநெல்வேலிக்குப் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறாள் என்று கேள்வி.

ஹரிஹரய்யருடையது பூத்தது, பூத்து ஓய்ந்தது. கிளாக்ஸினியா பூத்து முடிந்தால் இலையெல்லாம் உதிர்ந்து கிழங்கு தூங்கும். அப்போது தண்ணீரை நிறுத்திவிட்டு மூன்று மாதம் வெறும் தொட்டியாக வைத்திருக்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் வெறும் தொட்டியை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இலை உதிர்ந்த பிறகுதான் அதிகமாக ஊற்றினார். கிழங்கு அழுகியது. மறு வைகாசியில் காலித் தொட்டியோடு வந்து நின்றார். வேறொன்று கொடுத்தேன். அதற்கு அடுத்த வைகாசியிலும் வந்தார். பென்ஷன் வாங்கிய பிறகும் வந்தார். திட்டினேன், எழுதிக் கொடுத்தேன், ஒரு வருஷம் கொடுக்கவே மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டு மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படி எட்டுத் தொட்டி. எட்டையும் கொன்றார்.

ஒன்பதாவது தொட்டியை வைகாசிக் கடைசியில் கொடுத்தேன். பிறகு பொன்முடிப் பக்கம் நாற்றங்கால் வேலைக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். ஆவணியில் ஒரு நாள் தகவல் வந்தது, ஐயர் போய்விட்டார் என்று. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்காள் இரண்டு வருஷம் முன்பே தவறிவிட்டாள். கமலம் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். என்னை அவளே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளறையில் கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். கிழக்கு ஜன்னலில் தொட்டி இருந்தது. இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். பதினோரு பூ. அந்த நிறத்தில் அப்படி ஒரு செடியை நான் தோட்டத்திலேயே வளர்த்ததில்லை.

"அப்பா கையில ஒண்ணுமே தங்கலையே, இது மாத்திரம் எப்படி இவ்வளவு நன்னா வந்துடுத்து?" என்றாள் கமலம்.

"சாமி எத்தனை நாள் படுக்கையில கெடந்தாங்க?" என்று கேட்டேன்.

"ஆனி பொறந்ததுலேர்ந்து எழுந்திருக்கலை. வேலைக்காரி எப்பவாவது ஒரு வாய் விடுவா. அப்பா கட்டில்ல இருந்துண்டு, 'தண்ணி விடு, தண்ணி விடு'ன்னுண்டே இருப்பாராம். அவ காதுலயே வாங்கிக்கலையாம்."

எனக்கு அந்த மனுஷன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, பெரியவன் என்றுகூடப் பாராமல், அந்தப் பெண்ணின் முன்னால் அழுதேன்.